செயலாளரின் ஆண்டறிக்கை 2024/2025: பாலத்துக்காக ஓடிய ஒரு வருடம்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, சங்க உறுப்பினர்களே, ஊரவர்களே, வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையான காலத்துக்குரிய எமது கிராம அபிவிருத்திச் சங்கத்தின் அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுப் போட்டி வழமைபோல நடைபெற்றது. அம்மன் கோயில் சடங்குக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். மயான வீதியில் இரண்டு சிரமதானங்கள் செய்தோம். புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளைகளுக்குப் பரிசு வழங்கினோம். செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தலும் நவம்பரில் பொதுத் தேர்தலும் வந்ததால் அந்த இரு மாதங்களிலும் கூட்டம் நடத்த இயலவில்லை.

இனிப் பாலத்துக்கு வருகிறேன். செயலாளருக்குப் பாலத்தைத் தவிர வேறு நினைப்பே இல்லை என்று சிலர் பேசிக்கொள்வதை அறிவேன். அந்தப் பேச்சுக்கு இந்த அறிக்கையிலேயே பதில் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் தந்தைமார் இளைஞர்களாக இருந்த காலத்தில் கட்டிய பாலம் இது. அன்று அதன்மேல் போனவை கரத்தைகளும் சைக்கிள்களும், நாளுக்கு ஓரிரு பஸ்களும்தான். அகலமோ உயரமோ ஒரு சாணும் கூடவில்லை. இன்று மணல் ஏற்றிய டிப்பர், நெல் லொறி, அறுவடை இயந்திரம், பாடசாலை வான் எல்லாம் அதன்மேல்தான் போகின்றன. எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் விலக முடியாது. மேற்குப் பக்கம் வளைவு என்பதால், எதிரில் வண்டி நிற்பதைப் பாலத்தில் ஏறிய பிறகுதான் காண்கிறோம்.

கடந்த ஆவணி மாதத்தில் ஓர் இரவு, பிரசவ வலியோடு ஒரு தங்கையை ஏற்றிக்கொண்டு வந்த அம்புலன்ஸ் பாலத்தின் நடுவில் டிப்பருக்கு முகம் கொடுத்து நின்றது. டிப்பருக்குப் பின்னால் இரண்டு உழவு இயந்திரங்கள், பெட்டி நிறைய நெல். பெட்டி பூட்டிய உழவு இயந்திரத்தை இருட்டில் பின்னெடுப்பது எவ்வளவு கடினம் என்பது இங்கிருக்கும் விவசாயிகளுக்குத் தெரியும். நானும் இன்னும் மூவரும் கைவிளக்கைப் பிடித்து, ஒவ்வொன்றாகப் பின்னெடுக்கச் செய்தோம். அவ்வளவு நேரமும் அந்தத் தங்கையின் தாய் அம்புலன்ஸ் கதவைப் பிடித்தபடி வீதியில் நின்றார். தாயும் பிள்ளையும் நலமாக வீடு திரும்பினார்கள். அன்றிரவு வீட்டுக்கு வந்து நான் திறந்ததுதான், பாலத்துக் கணக்கை எழுதிவரும் அந்தப் பச்சை நிறக் கொப்பி.

மறுவாரம், ஆற்றில் நீர் வற்றியிருந்தபோது, ஓய்வுபெற்ற மேசன் ஐயா ஒருவரோடு பாலத்துக்கு அடியில் இறங்கினேன். கொங்கிறீட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, உள்ளிருக்கும் கம்பி வெளியே தெரிகிறது. ஐயா ஒரு கம்பியை நகத்தால் சுரண்டினார்; தோல் உரிவதுபோலத் துரு கையோடு வந்தது. கம்பி துருப்பிடித்தால் பருக்கும். பருத்தால் கொங்கிறீட்டைப் பிளக்கும். பிளந்த இடத்தால் உப்புக் காற்றும் நீரும் மேலும் உள்ளே போகும். நடுத்தூணின் அடியில் வெள்ளம் மண்ணை அரித்த பள்ளத்தில் நான் இறங்கி நின்றேன், நீர் இடுப்பளவு வந்தது. மேலே தார் பூசி, கைப்பிடிக்கு வெள்ளை அடித்து, பாலம் திருத்தப்பட்டுவிட்டது என்று சொல்லுகிறவர்கள் ஒருமுறை இந்தப் பள்ளத்தில் இறங்கிப் பார்க்க வேண்டும்.

இத்தாலியில் வேலை செய்யும் எமது ஊர்ப் பிள்ளை ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, ஜெனோவா நகரின் மொராண்டி பாலத்தைப் பற்றி எனக்கு எழுதினார். 1967இல் திறந்த நெடுஞ்சாலைப் பாலம் அது. தாங்கும் இரும்புக் கயிறுகளைக் கொங்கிறீட்டுக்குள் பொதிந்து கட்டியிருந்தார்கள். உள்ளே நடந்த அரிப்பு வெளியே தெரியவில்லை. 2018 ஓகஸ்ட் 14 அன்று, மழை பெய்துகொண்டிருந்தபோது, ஓடிக்கொண்டிருந்த வாகனங்களோடு இடிந்து விழுந்தது. 43 பேர் இறந்தார்கள். இரண்டு வருடத்துக்குள் அதே இடத்தில் புதிய பாலம் எழுந்தது. பணம் உள்ள நாடு, கட்டிவிட்டது. ஆனால் அந்த 43 பேருக்கு அது உதவவில்லை.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. கடந்த நவம்பர் வெள்ளத்தை நாம் எல்லோரும் கண்டோம். பாலத்தின் கண்களில் ஆற்றுவாழை வந்து அடைத்தது. நீர் போக வழியின்றி மேற்கே வயலுக்குள் ஏறியது, பிறகு பாலத்தை அண்டிய தாழ்ந்த வீதிக்கு மேலால் பாய்ந்தது. பஸ் நின்றது, பாடசாலை நின்றது. நோயாளிகளைத் தோணியில் ஏற்றினோம். அந்த நாட்களில்தான், நவம்பர் 26 அன்று, எமது மாவட்டத்திலேயே, காரைதீவு மாவடிப்பள்ளியில் மத்ரசா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை வீதியை மூடி ஓடிய வெள்ளம் அடித்துச் சென்றது. அதில் இறந்த பிள்ளைகளின் ஜனாஸாச் செய்தி வந்த இரவு இந்த ஊரில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. எங்கள் பிள்ளைகளும் அப்படித்தான் உழவு இயந்திரப் பெட்டியில் நின்றபடி வெள்ளத்தைக் கடக்கிறார்கள்.

அதனால் அதிகாரிகளுக்கு எழுதிய மகஜரில் பாலம் வேண்டும் என்று மட்டும் எழுதாமல் மூன்று காரியங்களைக் கேட்டிருக்கிறேன். இரு வழியாக வாகனம் போகும் அகலம் வேண்டும், நடப்பவர்களுக்குத் தனி ஓரம் வேண்டும். பாலத்தை மட்டும் உயர்த்தினால் போதாது, இரு பக்கத்து வீதியையும் உயர்த்த வேண்டும். உயர்த்தும் வீதிக்குக் கீழே நீர் வடியப் போதிய கண்கள் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வீதியே அணைக்கட்டாகி மேற்கு வயல்களை மூழ்கடிக்கும். மூன்றாவது, புதிய பாலத்தைப் பழையதற்குப் பக்கத்தில் கட்ட வேண்டும், வேலை முடியும்வரை போக்குவரத்து நிற்கக் கூடாது. மட்டக்களப்பு கல்லடியில் அப்படித்தான் செய்தார்கள். 1924இல் திறந்த சீமாட்டி மன்னிங் இரும்புப் பாலத்தில் எண்பத்தொன்பது வருடம் ஒருவழியாகக் காத்து நின்று போனோம். 2013 மார்ச்சில் ஜப்பான் உதவியுடன் புதிய பாலம் பக்கத்திலேயே திறக்கப்பட்டது. ஓட்டமாவடியில் ரயிலும் பஸ்ஸும் ஒரே பாலத்தில் போன காலமும் அப்படியே முடிந்தது. மண்முனைத் துறையில் பாதை எனும் மிதவைப் படகுக்குக் காத்திருந்த, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை மக்களுக்கு 2014இல் பாலம் கிடைத்தது. அவர்களுக்குக் கிடைத்தது நமக்கும் கிடைக்க வேண்டும்.

மகஜரைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். சம்பந்தப்பட்ட அலுவலகங்களுக்கு ஐந்து முறை நேரில் போனேன். முதல் முறை உரியவர் விடுமுறை. இரண்டாம் முறை, இது எங்கள் வீதியல்ல, மாகாணத்துக்குரியது என்றார்கள். மாகாணத்தில் கேட்டால் திருப்பி அனுப்பினார்கள். நான்காம் முறை கோப்பைக் காணவில்லை என்றார்கள்; பதிவுத் தபால் பற்றுச்சீட்டைக் காட்டினேன். ஐந்தாம் முறை ஒரு இளம் பொறியியலாளர் கொப்பியை வாங்கி, பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டு, ஒரு வருடக் கணக்கு முழுமையாக இருந்தால் மேலே அனுப்பிவைப்பதாகச் சொன்னார். வண்டிகள் எத்தனை, என்ன வகை, எவ்வளவு நேரம் நின்றன, வெள்ளம் எந்த அடையாளம்வரை ஏறியது: இவைதான் அவர் கேட்டவை.

அந்தக் கணக்கு எடுத்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும். காலை ஆறரை முதல் எட்டு மணிவரை பாலத்தடியில் இருந்து எழுத ஆட்கள் தேவை என்று ஒலிபெருக்கியில் அறிவித்தேன். கூட்டத்தில் கையுயர்த்தியவர்கள் இருபது பேர். முதல் நாள் வந்தவர்கள் நால்வர். மூன்றாம் நாள் நானும் உயர்தரம் படிக்கும் இரண்டு பிள்ளைகளும் மட்டும். வெள்ள அளவுத் தடியை நட்டு, சிவப்பு வெள்ளையாக மை பூசியதும் அந்தப் பிள்ளைகள்தான். நிர்வாக சபைக்குத் தெரிவாகி ஒரு கூட்டத்துக்கும் வராதவர்கள் இருக்கிறார்கள். பெயர் சொல்லவில்லை, வரவுப் புத்தகத்தில் இருக்கிறது. வீட்டில் வேலை, வயலில் வேலை என்பது எனக்கும் உண்டு.

சந்தாவும் அப்படித்தான். பாதிக்கும் குறைவானவர்களே கட்டியிருக்கிறார்கள். மாதம் ஐம்பது ரூபாய். ஒரு தேநீரும் வடையும் அதற்கு வராது. மரண உதவித் தொகை கேட்டு வரும்போது மட்டும் சந்தா அட்டையைத் தேடுவது முறையல்ல என்பதை அன்போடு சொல்கிறேன்.

கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். வரவும் செலவும் ஏறக்குறையச் சரிக்குச் சரி, கையிருப்பு சிறிதளவே. போட்டோப் பிரதிக்கும் முச்சக்கர வண்டிக்கும் ஏன் இவ்வளவு செலவு என்று கேட்டார்கள். ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு பிரதி கேட்டது. முச்சக்கர வண்டிக் கூலியில் மூன்று பயணத்துக்குரியதை நான் சங்கத்திடம் கேட்கவில்லை. மற்றவற்றுக்குப் பற்றுச்சீட்டு உண்டு, யாரும் பார்க்கலாம்.

தலைவர், பொருளாளர், மாதர் சங்கத்தினர், கிராம உத்தியோகத்தர், விளையாட்டுக் கழகத்தினர், வெள்ள நாட்களில் தோணி தந்த மீனவர்கள், மேசன் ஐயா, அந்த இரண்டு பிள்ளைகள் அனைவருக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த இரண்டு பிள்ளைகளும் பரீட்சை முடிந்து ஊரைவிட்டுப் போய்விடுவார்கள். வாடைக்காற்று தொடங்குமுன், ஐப்பசிக்குள், தடிக்கு மறுபடி மை பூச வேண்டும். மாதம் ஒரு வாரம் காலையும் மாலையும் கணக்கெடுக்க வேண்டும். வெள்ளம் வந்தால் இரவிலும் தடியைப் பார்த்து எழுத வேண்டும். நான் ஒருவனாக இதைச் செய்ய முடியாது. வேறு ஒருவர் செயலாளராக வந்து செய்வதென்றாலும் கொப்பியை மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன்.

முறை அட்டவணையை மண்டப வாசல் மேசையில் வைத்திருக்கிறேன், பேனையும் இருக்கிறது. காலை நிரலில் ஆறு பெயர்கள் விழுந்திருக்கின்றன. இரவு நிரலில் என் பெயர் மட்டுமே இருக்கிறது. தேநீர் குடித்துவிட்டுப் போகும்போது தயவுசெய்து அந்த மேசையடியில் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

இவ்வண்ணம்,
செயலாளர்