விரிவுரைப் பதிவுகளை நிறுத்தும் முன்

மதிப்புக்குரிய பீடச் சபை உறுப்பினர்களுக்கு,

மண்டபம் காலியாகிறது என்பதால் விரிவுரைப் பதிவுகளை நிறுத்த யோசிக்கிறீர்கள் என அறிகிறேன். காலியாவது உண்மை, அதில் ஓர் இருக்கை என்னுடையது. கிண்ணியாவிலிருந்து அதிகாலையில் புறப்பட்டு, திருகோணமலையில் பஸ் மாறி வருகிறவள் நான். வாப்பாவின் காலத்தில் படகுப்பாதைக்குக் காத்துக் கிடந்தார்கள். 2009இல் பாலம் வந்த பிறகு எனக்கு அந்தச் சாக்கும் இல்லை. ஆனாலும் “பதிவு வரும்தானே” என்று பல நாள் போர்வையை இழுத்துக்கொண்டேன்.

பரீட்சைக்கு முந்திய வாரம் பதினொரு பதிவுகள் பாக்கி. இரட்டை வேகத்தில் ஓடவிட்டால், மீன்வாடியில் கூறுவிலை சொல்பவரைப் போல ஒலிக்கிறார் விரிவுரையாளர். “இந்தக் கோடு ஏன் இங்கே வளைகிறது, பாருங்கள்” என்கிறார். கோடு வெண்பலகையில், என் திரையில் ஸ்லைடு மட்டும். பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு. “நல்ல கேள்வி” என்று பதில் சொல்லத் தொடங்குகிறார். என்ன கேள்வி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்படியும் பதிவை நிறுத்தாதீர்கள். உயர்தரம்வரை தமிழில் படித்துவிட்டு ஆங்கில விரிவுரையில் திணறும் என் தோழி, நிறுத்தி நிறுத்திக் கேட்டு, அகராதி புரட்டித்தான் பாடத்தைப் பிடிக்கிறாள். மாரியில் வீதி மூழ்கும் நாட்களும் உண்டு.

வரவை இறுக்குவதும் பயன் தராது. 80 சதவீதம் கட்டாயம் என்றால் கையொப்பம் வந்துசேரும், ஆள் வரவேண்டியதில்லை. (அந்த வித்தை உங்களுக்கும் தெரிந்திருக்கும்.)

மண்டபத்தில் ஸ்லைடை வாசிப்பது மட்டுமே நடந்தால் எவரும் வீட்டில்தான் இருப்பார்கள். 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் நடத்திய சோதனையில், ஒரு பகுதியை இரண்டாம் முறையும் வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்தின் பின் முந்தி நின்றார்கள். ஒரு வாரத்தின் பின்னரோ, வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே 56 சதவீதம் நினைவிருந்தது, மற்றவர்களுக்கு 42. முதல் பத்து நிமிடம் சென்ற வாரப் பாடத்தை வெற்றுத்தாளில் எழுதவிடுங்கள். புள்ளி வேண்டாம்.

ஒவ்வொரு பதிவையும் ஏற்றிப் பத்து நாளில் அகற்றிவிடுங்கள். இதற்காக என் வகுப்பார் என்னைத் திட்டுவார்கள், திட்டட்டும். பதினொன்றைக் குவித்துவைக்க வழியிருந்தால் நான் மறுபடியும் குவிப்பேன்.

இன்னொன்று, செலவில்லாதது: மாணவர் கேட்கும் கேள்வியை விரிவுரையாளர் ஒருமுறை ஒலிவாங்கியில் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதிலளிக்கட்டும்.

இப்படிக்கு,
மூன்றாம் வருட மாணவி

திருகோணமலை