ஞாயிறு மதியக் கச்சேரிக்கு யார் வருகிறீர்கள்?

எல்லோருக்கும் வணக்கம். நேற்று மயிலாப்பூரில் ஒரு சபாவில் மதியக் கச்சேரி கேட்டேன். பாடிய பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. தோடி ராகத்தைச் சொற்களின்றி விரித்துப் பாடும் ஆலாபனையில் பஞ்சமத்தை, அதாவது 'ப' ஸ்வரத்தை, தொடாமலே நெடுநேரம் சுற்றிவந்தார். கடைசியில் அதில் வந்து நின்றபோது பக்கத்து இருக்கை மாமா "பேஷ்!" என்று தொடையில் தட்டினார். இடையில் மைக் இரைந்தது. அந்தப் பெண் சுருதி விலகாமல் சிரித்துக்கொண்டே தொடர்ந்தார். யூடியூபில் இதெல்லாம் கிடைக்காது. தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தின்போது வழக்கம்போலப் பாதிக் கூட்டம் கேண்டீனுக்குப் போய்விட்டது, அது வேறு வருத்தம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மார்கழி சீசனில் மியூசிக் அகாடமியில் இளம் கலைஞர்களின் மதியக் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது. ஞாயிறன்று சேர்ந்து போகலாமா? வருபவர்கள் இன்றிரவுக்குள் சொல்லுங்கள். அப்புறம், செல்போனை அணைத்துவிட்டு உள்ளே வாருங்கள்.