உலைக்குப் போகுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை: சென்னை மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

பெருநகர சென்னை மாநகராட்சியின் மேயர், ஆணையர், மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2025 அக்டோபரில், பழைய சோபா, கட்டில், மெத்தை, துணிமணிகளைச் சனிக்கிழமைகளில் வீடு தேடி வந்து இலவசமாக எடுத்துப்போகும் ஏற்பாட்டைத் தொடங்கினீர்கள். நல்ல காரியம். காலிமனைகளில் நனைந்து கிடந்து கொசு வளர்த்த மெத்தைகளுக்கு ஒரு வழி பிறந்தது. பயன்படாதவற்றை முறைப்படி எரித்துவிடுவோம் என்றும் சொன்னீர்கள். என் கேள்வி அந்த இடத்தில்தான். பயன்படுமா, படாதா என்று பார்ப்பது யார்? எங்கே வைத்து, எவ்வளவு நேரம்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. சனிக்கிழமை வந்த சாமான்களை உடனே அனுப்பாமல், மண்டலத்துக்கு ஒரு கொட்டகையில் இறக்கி வையுங்கள். ஞாயிறு காலையில் ஊரார் வந்து புரட்டிப் பார்க்கட்டும், வேண்டியதைச் சொற்ப விலை கொடுத்து எடுத்துப்போகட்டும். மிச்சத்தைத் திங்களன்று அனுப்பிக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் யார் வருவார்கள் என்று தோன்றினால் ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். (உங்கள் எல்லைக்குள் வராது, வேவு பார்க்கப் போவதாக நினைத்துக்கொள்ளலாம்.) பழைய டிரங்க் ரோட்டில் செடி, கோழி, மீன்தொட்டிக்கு நடுவே மூடி இல்லாத மிக்ஸி ஜார், ஜோடி பிரிந்த கதவுக் கைப்பிடி, தையல் மெஷின் பாபின், கீறல் விழுந்த கிராமபோன் தட்டு என்று தரையெல்லாம் பரப்பியிருப்பார்கள். கீல் வாங்கப் போனவர் வால்வு ரேடியோவோடு திரும்புவார். “இது என்னண்ணே?” என்று கேட்டால் விற்பவருக்கும் தெரியாது. “எடுத்துப் பாருங்க சார், ஏதாவது ஆகும்” என்பார். வெயிலில் குந்தி உட்கார்ந்து, துருவைத் தட்டிவிட்டு, மேக்கர் பெயரை விரலால் தடவிப் படிக்கிற அந்தச் சுகம் ஏ.சி. கடையில் கிடைக்காது. பேரம் வேறு இருக்கிறது, அது தனிக் கச்சேரி.

எங்கள் கூடத்தில் கிடக்கும் கை வைத்த நாற்காலி அங்கே வாங்கியதுதான். மேலெல்லாம் பச்சை எனாமல் பெயின்ட். பிரம்பு அறுந்த இடத்தில் ஒட்டுப்பலகையை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். பார்க்க ஒன்றுமில்லை, தூக்கியபோது கனம்தான் காட்டிக்கொடுத்தது. வீட்டில் வைத்துச் சுரண்டச் சுரண்ட, பச்சைக்குக் கீழே ஊதா, ஊதாவுக்குக் கீழே இன்னொரு பச்சை. யார் வீட்டிலோ பொங்கலுக்கு ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய பெயின்டெல்லாம் இதன் தலையில்தான் விழுந்திருக்க வேண்டும். தெருவில் இருக்கும் தச்சர், உடைந்த கண்ணாடிச் சில்லின் விளிம்பால் இழைக்கச் சொல்லிக்கொடுத்தார். உளி கீறிவிடுகிற இடத்தில் சில்லு சன்னமாகச் சீவிக்கொண்டு வரும். பிறகு உப்புத்தாள்: 80-ஆம் நம்பரில் ஆரம்பித்து 120, அப்புறம் 220. கடைசிச் சுற்றில் தேக்கின் ரேகை தெளிந்து வந்தது. வீடு முழுக்க அந்த எண்ணெய் வாசனை. மூட்டுகளில் ஓர் ஆணிகூட இல்லை. துளையில் கழுந்தை (கட்டை முனையில் செதுக்கிய நாக்கை) இறக்கி, குறுக்கே மூங்கில் முளை அடித்திருந்தார்கள். முளையைத் தட்டினால் கழன்றுவிடும், கழன்றதைத் திரும்பவும் பூட்டலாம். செய்தவரே பின்னால் யாராவது பிரித்துச் சரிசெய்வார்கள் என்று எண்ணித்தான் செய்திருக்கிறார்.

பாலிஷுக்கு அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் இரவெல்லாம் ஊறப்போட வேண்டும். பஞ்சைத் துணியில் பொதிந்து, அதில் தோய்த்து, மெல்லிசாகத் தேய்த்து, காயவிட்டு, அதன் மேல் மறுபடி. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் இந்த வேலையில் இறங்கக் கூடாது; காற்றில் இருக்கும் ஈரத்துக்குப் பாலிஷ் பாலாடை போல வெளுத்துவிடும். பிரம்பை எனக்குப் பின்னத் தெரியாது, அதற்கென்று இருப்பவரிடம் கொடுத்தேன். பிரம்பு நாரைத் தண்ணீரில் நனைத்து, நெடுக்கில் ஒரு வரிசை, குறுக்கில் ஒரு வரிசை, மறுபடி நெடுக்கில், மறுபடி குறுக்கில் பின்னி, பிறகு மூலைவாட்டில் இரண்டு, கடைசியில் ஓரம் கட்டு என்று ஏழு படி. காயும்போது நார் தானாக இழுத்துக்கொண்டு விறைத்துவிடும். விரலால் சுண்டினால் ஓசை வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காசு வாங்கிக்கொண்டார்.

இந்தப் பிரம்பு வேலையைப் பார்வையற்றவர்கள் பலர் கற்றுக்கொண்டு பிழைத்தார்கள். அரசு அலுவலக நாற்காலிகளுக்குப் பின்னுவது ஒரு நிலையான வரும்படி. அவற்றை உதவாதவை என்று கழித்துவிட்டு, சக்கரம் வைத்த மெத்தை நாற்காலிகள் வாங்கத் தொடங்கியதும் அந்த வரும்படி சுருங்கிவிட்டது. பழைய சாமான் எரியும்போது அதைப் பிழைக்கவைக்கத் தெரிந்த கைகளுக்கும் வேலை போகிறது என்பதால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன். ஈயம் பூசுகிறவர்கள் கதையும் அதுதான். பித்தளை அண்டாவைக் கரி அடுப்பில் காயவைத்து, நவச்சாரம் என்கிற உப்பைத் தூவி, வெள்ளைப் புகை எழும்பும்போது வெள்ளீயத்தைத் தொட்டு வைத்து, பஞ்சால் ஒரு சுழற்றுச் சுழற்றுவார்கள். கறுத்துக் கிடந்த உள்பக்கம் கண்ணெதிரே வெள்ளியாகும். அதைத் தெருவில் சுற்றி நின்று பார்த்த தலைமுறைக்குத்தான் அது எப்பேர்ப்பட்ட வேடிக்கை என்று தெரியும். இன்று ஈயம் பூச ஆள் எங்கே என்று விசாரித்து விசாரித்து அலுத்துப்போய், அண்டாவை எடைக்குப் போட்டுவிடுகிறோம்.

இதெல்லாம் மாநகராட்சியின் வேலையா என்று கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். மூர் மார்க்கெட்டைக் கட்டியதே நீங்கள்தானே? மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூரின் பெயரை வைத்து, 1898-இல் அடிக்கல் நாட்டி, 1900-இல் திறந்தார்கள். பக்கத்தில் ரிப்பன் மாளிகை 1913-இல்தான் திறந்தது. உங்கள் தலைமை அலுவலகத்துக்கு முன்னாலேயே உங்கள் சந்தை வந்துவிட்டது! பழைய புத்தகத்துக்கும் கடிகாரத்துக்கும் கிராமபோன் தட்டுக்கும் ஊரே அங்கே போனது. 1985 மே 30 அன்று தீயில் போனது. கடைக்காரர்கள் அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறினார்கள், ஆனால் அந்தப் பழைய கூட்டம் திரும்பவில்லை. அண்மையில் பார்த்தால், 2023 மே மாதத்தில் மத்திய அரசு நகரங்கள்தோறும் பழைய துணி, புத்தகம், பொம்மை வாங்கிக்கொள்ளும் மையங்களைத் திறக்கச் சொன்னது. வாங்கிவைக்கும் பழக்கம் நகரங்களுக்கு வந்தாயிற்று. எடுத்துப்போகிறவர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டால் போதும்.

எதிர்ப்புகள் வரும், தெரியும். முதலில் மூட்டைப்பூச்சி. நியாயமான பயம். பஞ்சணை, ஃபோம் மெத்தை, துணி தைத்த சோபா எதையும் கொட்டகைக்குள் விடாதீர்கள். இலவம்பஞ்சு மெத்தைக்கு மட்டும் ஒரு விலக்கு வேண்டும். உறையைக் கழற்றி எறிந்துவிட்டு, வெயிலில் போட்டு, பஞ்சை அடித்து, புது உறையில் திணித்துவிடலாம். தண்ணீர் பட்டு உப்பிய துகள்பலகை அலமாரியை என்ன செய்தாலும் திருகாணி நிற்காது, அதைத் தாராளமாக உலைக்கு அனுப்புங்கள். எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்பவன் அல்ல நான்.

அடுத்தது, “அடுத்தவங்க உபயோகிச்சது” என்ற முகச்சுளிப்பு. பிறந்த குழந்தைக்கு முதலில் பழைய துணி போட்டுவிட்டுத்தான் புதுசு போடுவோம் என்கிற ஊர் இது. தாத்தாவின் நைந்த வேட்டிதான் அதன் முதல் படுக்கை, அம்மாவின் நூல்புடவைதான் தூளி. ஆகவே இந்தச் சுளிப்பு அவ்வளவு பழசும் இல்லை, அவ்வளவு ஆழமும் இல்லை.

மூன்றாவது எதிர்ப்பைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். காயலான் கடைக்காரர்களும், வண்டி தள்ளி வரும் பழைய பேப்பர்காரர்களும், உங்கள் தூய்மைப் பணியாளர்களும் இந்தப் பொருள்களில்தான் நாலு காசு பார்க்கிறார்கள். என்னைப் போன்ற பொழுதுபோக்கு ஆசாமிகள் ஞாயிறு காலை காரில் வந்து தேக்கை எல்லாம் அள்ளிக்கொண்டு போனால் அது அநியாயம். தவிர, கட்டிலுக்கு வழியில்லாமல் பழசு தேடி வருகிற குடும்பம் இருக்கிறது. அவர்களுக்கு இது பழம்பொருள் மோகம் அல்ல, தேவை. முதல் இரண்டு மணி நேரம் அவர்களுக்கும் பணியாளர்களுக்கும் என்று வையுங்கள். எங்களை ஒன்பது மணிக்கு மேல் விடுங்கள், ஆளுக்கு ஒரு சாமான் என்று கட்டும் போடுங்கள். விற்ற காசில் ஒரு பங்கு இறக்கி ஏற்றிய தொழிலாளிக்குப் போகட்டும்.

பழசைப் புதுசாக்கும் கலைஞர்களுக்கும் ஒரு வார்த்தை, மடல் அவர்களுக்கு இல்லை என்றாலும். நல்ல கூஜாவின் அடியில் ஓட்டை போட்டு பல்பு மாட்டாதீர்கள். தையல் மெஷின் ஓடுகிறது என்றால் அதன் இரும்புக் காலைப் பிரித்து மேசை செய்யாதீர்கள். தலை உடைந்ததற்குச் செய்யுங்கள், அழகாகவே இருக்கும். பழுது பார்க்க முடிந்ததைப் பழுது பார்த்துவிட்டு, முடியாததை மாற்றிச் செய்வதுதான் முறை. கொட்டகையில் ஒரு தச்சர் இருந்தால் இதை அவரே அதட்டிச் சொல்லிவிடுவார்.

ஆக, எல்லா மண்டலத்திலும் ஒரே நாளில் வேண்டாம். ஒரு மண்டலத்தில், ஒரு கொட்டகையில், அடுத்த போகிக்கு முந்தைய ஞாயிறு தொடங்கிப் பாருங்கள். வீடுகளில் அதிகம் ஒழிக்கிற நாள்கள் அவைதாம். மழை ஒழுகாத கூரை, தண்ணீர்க் குழாய், ஒரு மின் இணைப்பு. தச்சர், பிரம்பு பின்னுகிறவர், ஈயம் பூசுகிறவர், ரேடியோ பழுது பார்க்கிறவர் நால்வருக்கும் வாடகை இல்லாத இடம். எத்தனை சாமான் வந்தது, எத்தனை வீடு போய்ச் சேர்ந்தது என்று ஒரு பேரேட்டில் எழுதிவாருங்கள். மூன்று மாதம் கழித்து அதை மாமன்றத்தில் வையுங்கள், விவாதிக்கட்டும்.

இப்படிக்கு,
பழைய நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதும்
சென்னைவாசி ஒருவன்