கேமராவை மாட்டி அனுப்புங்கள்: ஜமைக்கா தேசியப் பாதுகாப்பு அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். கிங்ஸ்டனில் பன்னிரண்டு வருஷமாகக் குடியிருக்கும் ஒரு கணக்கர் எழுதுவது. என் வீட்டுக்குப் பின்பக்கம் தகர வேலிகளுக்கு நடுவே ஒரு சந்து போகிறது. மூன்று வாரத்துக்கு முன்னால், விடியும் முன்பே, அந்தச் சந்துக்குள் போலீஸ் வந்து போனது. அவர்கள் வரும்போது உயிரோடு இருந்த இருபத்து நாலு வயதுப் பையன், அவர்கள் போனபோது இல்லை. மதியத்துக்குள் செய்திக்குறிப்பு வந்துவிட்டது: தேடுதலுக்குப் போனோம், எங்களைப் பார்த்துச் சுட்டான், திருப்பிச் சுட்டோம், ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டான், ஒரு கைத்துப்பாக்கி கிடைத்தது. ஐந்து வரிதான். நான் தமிழ்நாட்டில் வளர்ந்தவன். ‘என்கவுன்டர்’ என்ற சொல்லோடு இந்த ஐந்து வரியையும் பள்ளிக்கூட வயதிலேயே பேப்பரில் படித்தவன். கடல் தாண்டி வந்தும் அந்த வாசகம் மாறவில்லை.

அவன் கையில் துப்பாக்கி இருந்ததா என்று எனக்குத் தெரியாது. மன்னிக்க வேண்டும், உங்களுக்கும் தெரியாது. சுட்டவர் சொல்கிறார், செத்தவன் சொல்ல முடியாது. அங்கே போனவர்களில் ஒருவர் சட்டையிலாவது ஒரு கேமரா ஓடிக்கொண்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். திட்டம் போட்டுப் போகும் ஒவ்வொரு நடவடிக்கையிலும் போலீசாருக்குக் கேமராவை மாட்டி அனுப்புங்கள்.

பின்னணி உங்களுக்குத் தெரியும், ஆனாலும் எண்களை மட்டும் எழுதிவிடுகிறேன். போலீஸ் சுட்டு இறந்தவர்கள் 2023ல் 155 பேர், 2024ல் 189 பேர், 2025ல் முந்நூறுக்கும் மேல். மொத்த ஜனத்தொகையே முப்பது லட்சத்துக்குள் இருக்கும் தீவு இது. திட்டமிட்ட நடவடிக்கைகளுக்குப் போகிறவர்கள் உடம்பில் கேமரா இருப்பதில்லை என்று போலீசும் ராணுவமும் சுட்டால் அதை விசாரிக்கும் ஆணையமான இன்டெகாமே திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. அது எதிர்க்கட்சியின் குரல் அல்ல, 2010ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு உண்டாக்கிய அமைப்பு.

கொலைகள் குறைந்திருப்பதையும் சொல்லாமல் விடமாட்டேன். 2022ல் சுமார் ஆயிரத்து ஐந்நூறு பேரைப் பலிகொடுத்த நாட்டில் 2025ல் அந்த எண்ணிக்கை எழுநூறுக்கும் கீழே வந்தது. அது சின்ன விஷயமில்லை. நான் கணக்குப் பார்த்துக்கொடுக்கும் மளிகைக்கடைக்காரர் ஒருவர் மாதாமாதம் ஒரு கும்பலுக்குக் காசு எடுத்துவைத்தவர். கணக்கில் அதை என்ன தலைப்பில் எழுதுவது என்று என்னைக் கேட்டிருக்கிறார். இப்போது கேட்க யாரும் வருவதில்லை என்கிறார். இரவு எட்டு மணிக்கு மேலும் கடை திறந்திருக்கிறது. அவரிடம் போய் இந்தப் பையனைப் பற்றிப் பேசினால், “அவனுங்களுக்கு வேறு எப்படிப் புரியும்?” என்றுதான் சொல்கிறார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். பயந்து பயந்து வாழ்ந்த மனிதர். ஆனால் அவருக்காகத்தான் சுடுகிறோம் என்றால், சரியான ஆளைத்தான் சுட்டோம் என்பதையும் அவருக்குக் காட்டவேண்டாமா?

அப்புறம், அந்தப் பையனின் அம்மா. அவரைப் பற்றித்தான் முக்கியமாக எழுத நினைத்தேன்.

இங்கே சாவு வீட்டில் ஒன்பதாம் இரவு எவ்வளவு பெரிய காரியம் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சந்தில் தார்ப்பாய் கட்டி, மீன் பொரித்து, டோமினோ பலகையில் காய்களை ஓங்கி அடித்து, விடியும்வரை பாடி ஆவியை அனுப்பிவைப்பார்கள். அந்த அம்மாவும் செய்தார். உடல் வரவில்லை. பிரேதப் பரிசோதனை முடியவில்லை, அதனால் தரமுடியாது. ஆவியை அனுப்பியாகிவிட்டது, உடம்பு இன்னும் ஐஸ் பெட்டியில் இருக்கிறது என்று அழுதார்.

அவன் வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தவன். புதைக்கும்போது போடுவதற்கென்று ஒரு வெள்ளைச் சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பிளாஸ்டிக் உறை மாட்டிக் கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டிருக்கிறார். போன ஞாயிறு நான் போனபோது அந்த உறையை எடுத்துவிட்டு மறுபடியும் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கசங்கவேயில்லை. “தூசி படியுமே” என்றார். வாரத்துக்கு இரண்டு நாள் ரூட் டாக்சி என்னும் பங்கு டாக்சி பிடித்துப் போய்க் கேட்கிறார். அடுத்த வாரம் என்கிறார்கள். தெருக்கூட்டி வாங்கும் சம்பளத்தில் டாக்சிக்காசு போகிறது. என்ன நடந்தது என்று அவரிடம் யாரும் வந்து சொல்லவில்லை. ரேடியோவில் கேட்டுத்தான் தன் மகன் ‘ஆயுதம் தாங்கியவன்’ என்று தெரிந்துகொண்டார்.

இந்த அம்மா இனி எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டும்? இன்டெகாம் விசாரித்து, கோப்பு அரசு வழக்குத் தொடுநரிடம் போய், அங்கிருந்து சிறப்பு மரண விசாரணை நீதிமன்றம் போய்ச் சேருவதற்குள் நேரில் பார்த்தவர்கள் வீடு மாறியிருப்பார்கள், சிலர் அமெரிக்கா போயிருப்பார்கள், சிலர் பயந்து வாயை மூடியிருப்பார்கள். கிங்ஸ்டனுக்குப் பக்கத்திலுள்ள பிரேட்டனில் 2001 மார்ச்சில் ஒரே வீட்டில் ஏழு இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வழக்கு 2005ல் போலீசாரின் விடுதலையில் முடிந்தது. கிங்ஸ்டனிலேயே டிவோலி கார்டன்ஸ் குடியிருப்பில் 2010 மே மாதம் ஒரே நடவடிக்கையில் குறைந்தது 69 பொதுமக்கள் செத்தார்கள். விசாரணைக் கமிஷன் அறிக்கை வர 2016 ஆனது. பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்க 2017 ஆனது. மன்னிப்புக் கேட்டது பெரிய மனசு. அதை மதிக்கிறேன். ஆனால் வீடு வீடாக அன்று என்ன நடந்தது என்று சொல்ல இருந்தது பெரும்பாலும் அங்கே குடியிருந்தவர்களின் சாட்சியம்தான், அதையும் பல பேர் நம்பவில்லை.

யாரும் பார்க்காத இடத்தில் எப்போதும் இப்படித்தான் ஆகிறது. சிறைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். டவர் ஸ்ட்ரீட் சிறையில் 2020 ஜனவரியில் நோயல் சேம்பர்ஸ் என்ற எண்பத்தொரு வயது முதியவர் இறந்தார். 1980ல் கைதானவர், மனநிலை சரியில்லை என்று வழக்கு விசாரணைக்கே வராமல் நாற்பது வருஷம் உள்ளே இருந்தவர். எலும்பும் தோலுமாகக் கிடந்த அந்த உடம்பில் மூட்டைப்பூச்சிகள் உயிரோடு ஊர்ந்ததை இன்டெகாம் அறிக்கை எழுதியபிறகுதான் நாடு அவர் பெயரையே கேட்டது. 1997 ஆகஸ்டில் இதே சிறையிலும் ஸ்பானிஷ் டவுன் சிறையிலும் கலவரம் வெடித்துப் பதினாறு கைதிகள் செத்தார்கள். காலனி காலத்துக் கட்டடங்கள், அளவுக்கு மேல் கூட்டம். புதுச்சிறை கட்டப்போவதாகத் தேர்தலுக்குத் தேர்தல் பேச்சு வருகிறது, போகிறது. உள்ளே செத்தாலும் கேள்வி இல்லை, வெளியே சுட்டாலும் கேள்வி இல்லை என்றால் சட்டம் எங்கேதான் இருக்கிறது அமைச்சர் அவர்களே? கேள்வி கேட்க வைத்திருக்கும் இன்டெகாமுக்கும் கைது செய்யவோ வழக்குத் தொடுக்கவோ அதிகாரம் இல்லை என்று ஜமைக்காவின் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 2020ல் சொல்லிவிட்டது. சட்டத்தைத் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்க வந்தது கேமரா.

அதற்குச் சொல்லப்படும் பதில்களையும் கேட்டிருக்கிறேன். செலவாகும், பதிவைச் சேமிக்க வசதி வேண்டும், இருட்டில் விரைந்து போகும் படைக்குச் சரிப்படாது. சரி, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க முடியாது என்றே வைத்துக்கொள்வோம். வாங்கிய கேமராக்கள் எத்தனை இருந்தாலும் முதலில் அவற்றைப் போக்குவரத்துப் போலீசாருக்குக் கொடுக்காதீர்கள். அதிகாலையில் கதவை உடைக்கப் போகும் குழுவுக்குக் கொடுங்கள். உயிர் போவது அங்கேதான். நேர்மையாக வேலை செய்யும் போலீஸ்காரருக்கும் அதுதான் துணை. அவர்மேல் நிஜமாகவே ஒருவன் சுட்டிருந்தால் அதைக் கேமரா சொல்லும். என் சந்துக்கு வந்தவர்களில் அப்படி ஒருவர் இருந்திருக்கலாம், அவரையும் இன்று சந்தேகத்தோடுதான் தெரு பார்க்கிறது.

தயவுசெய்து இதைச் செய்யுங்கள். திட்டமிட்ட நடவடிக்கை எதற்கும் கேமரா இல்லாமல் ஒருவரும் கிளம்பக்கூடாது என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். அணைத்து வைத்தவர்மேல் நடவடிக்கை எடுங்கள். பதிவை இன்டெகாமுக்கு உடனே கொடுக்கச் சொல்லுங்கள்.

அப்படியே அந்த அம்மாவுக்கு மகனின் உடலை எப்போது தருவார்கள் என்று ஒரு தேதி சொல்லச் சொல்லுங்கள். சட்டை தயாராக இருக்கிறது.

பணிவுடன்,
சந்துக்கு முன் வீட்டில் குடியிருப்பவன்
கிங்ஸ்டன்