தேடியபோது கிடைக்காத வெள்ளம்

மயிலாப்பூர், சென்னை
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து, காலையில் மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே அனைவரும் நலம். என் துணைவியாருக்குக் கண்புரை அறுவை முடிந்து, இப்போது கண்ணாடி இல்லாமலேயே பேப்பர் படிக்கிறார். நான்தான் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் இரண்டு செய்திகள் எழுதியிருந்தீர்கள். நாச்சியார்கோயில் விளக்குப் பட்டறைகளைப் பற்றி 1999இல் நம் ஞாயிறு இணைப்பில் நீங்கள் எழுதிய கட்டுரையைப் பேத்தி இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, "தாத்தா, அப்படி ஒன்று இருப்பதாகவே தெரியவில்லையே" என்று சொன்னது ஒன்று. டெஸ்கை விட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் போன பிறகு இருபது ஆண்டுகள் அங்கே என்னதான் செய்தீர்கள் என்று நீங்கள் என்னைக் கேட்டது மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே பதில்தான். அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருப்பதால் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஈய எழுத்துகள் இருந்தன. உங்கள் மேஜையில் ஒருவர் மூலப்படியை உரக்க வாசிக்க, நீங்கள் ஈரம் காயாத மெய்ப்பில் சிவப்பு மையால் ஒற்றுகளைத் திருத்துவீர்கள். பிறகு எழுத்துகளைப் படமாக எடுத்துத் தரும் புரோமைடு தாள் வந்தது, அதைப் பசை தடவி ஒட்டும் பேஸ்டப் வந்தது, கணினியிலேயே பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் வந்தது. ஒவ்வொரு முறையும் எந்திரம்தான் மாறியது. மெய்ப்பு என்ற காகிதம் உங்கள் மேஜைக்கு வந்துகொண்டேதான் இருந்தது. 'தி இந்து' 1995இல் இணையத்துக்குப் போனதைப் பார்த்து, தமிழ்ப் பத்திரிகைகளும் அடுத்தடுத்துக் கிளம்பின. 1998இல் நம் அலுவலகத்தில் அந்த வேலைக்கு ஆள் தேடியபோது, தட்டச்சும் கொஞ்சம் ஆங்கிலமும் தெரிந்தவன் என்பதால் என்னைப் பிடித்துப் போட்டார்கள்.

அப்போதிருந்த குழப்பத்தை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கடினம். ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென்று ஓர் எழுத்துருவைச் செய்துகொண்டிருந்தது. ஒன்றில் 'ழ' இருந்த இடத்தில் இன்னொன்றில் 'ணை' இருக்கும். சிங்கப்பூரிலோ டொராண்டோவிலோ இருக்கும் வாசகர் நான்கு தமிழ்ப் பத்திரிகைகளைப் படிக்க வேண்டுமானால் நான்கு எழுத்துருக்களை இறக்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் திரையில் தெரிவது சோழிகளைக் குலுக்கிக் கொட்டியதுபோல இருக்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு நடந்தது. தமிழ்99 விசைப்பலகையும், எந்த எழுத்துக்குக் கணினியில் எந்த எண் என்று வகுக்கும் டாம், டாப் என்ற இரண்டு குறியீட்டு முறைகளும் அங்கேதான் முடிவாயின. இனி எல்லாம் ஒழுங்காகிவிடும் என்று திரும்பி வந்தேன். எங்கள் தட்டச்சர்கள் பழைய தட்டச்சு விசைப்பலகையை விடவில்லை, நிர்வாகம் பழைய எழுத்துருவை விடவில்லை.

எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான ஒருங்குறி (யூனிகோடு) வந்தபோதுதான் உண்மையான வேலை தொடங்கியது. அதில் உங்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு நுணுக்கம் உண்டு. தட்டச்சு இயந்திரத்தில் 'கெ' அடிக்க வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு 'க'. கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படியே விரலும் போகும். ஒருங்குறியிலோ வாய் சொல்லும் வரிசைதான்: முதலில் 'க', பிறகு கொம்பு, திரையில் கொம்பை முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது கணினியின் பொறுப்பு. "கொம்பு போடுவதற்கு முன்னால் எழுத்து எப்படி சார் வரும்?" என்று எங்கள் மூத்த தட்டச்சர் ஒருவர் ஒரு வாரம் என்னோடு பேசாமலேயே இருந்தார். ஆகவே பழைய செய்திகளை ஒருங்குறிக்கு மாற்றும் நிரல், ஒவ்வொரு கொம்பையும் தூக்கி மெய்யெழுத்துக்குப் பின்னால் வைக்க வேண்டியிருந்தது. அதுவரைக்கும் சிக்கலில்லை. 'கௌ' என்ற எழுத்தில் வலப்பக்கம் நிற்கும் குறியும் 'ள' என்ற எழுத்தும் பழைய எழுத்துருவில் ஒரே விசை, ஒரே குறியீடு. கொம்பு, மெய், 'ள' என்று மூன்றும் சேர்ந்து வந்தால் அது 'கௌரவம்' என்பதன் முதலெழுத்தா, 'கெளுத்தி' மீனின் முதலிரண்டு எழுத்துகளா? படிக்கத் தெரிந்த எவருக்கும் சந்தேகம் வராது. நிரலுக்குச் சொற்கள் தெரியாது. அதற்கு ஏதாவது ஒரு விதியைக் கொடுத்தாக வேண்டும்.

நாங்கள் 2006இல் கொடுத்த விதி, மூன்றும் சேர்ந்து வந்தால் ஔகாரம் என்பது. அதன் விளைவாக 'வெள்ளம்' எல்லாம் 'வௌ்ளம்' ஆயிற்று. 'வெளிநாடு' 'வௌிநாடு' ஆயிற்று. 'தெளிவு' தெளிவை இழந்தது. திரையில் பார்க்கும்போது பெரிதாக வித்தியாசம் தெரியாது. சில எழுத்துருக்களில் மட்டும் புள்ளி இடம் விலகி, ஒரு வெற்று வட்டத்தின் தலையில் போய் உட்காரும். வேறு சில பத்திரிகைகள் நேர்மாறாகச் செய்தன; அவர்களுடைய பழைய பக்கங்களில் இன்றும் 'பெளர்ணமி'தான் வருகிறது, பௌர்ணமி வருவதில்லை.

இந்தப் பிழையை முதல் நாளிலேயே பார்த்திருக்கக்கூடியவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், பிழை திருத்தும் பகுதி இனித் தேவையில்லை, மென்பொருளே எழுத்துப் பிழைகளைப் பார்த்துக்கொள்ளும் என்று ஒரு கூட்டத்தில் முடிவானது. நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். அப்படி ஒரு மென்பொருள் தமிழுக்கு அப்போது நம்பத் தகுந்த நிலையில் இல்லை என்பது அந்த அறையில் எனக்கு ஒருவனுக்குத்தான் உறுதியாகத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதம் நீங்கள் விருப்ப ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்திட்டுவிட்டு, கீழே டீக்கடையில் எனக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனீர்கள். இதை உங்களிடம் நேரில் சொல்லப் பல முறை முயன்றிருக்கிறேன்.

வௌ்ளத்துக்கு வருகிறேன். 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு உங்களுக்கு நினைவிருக்கும். ஊரிலிருந்து நீங்கள் திரும்பத் திரும்ப அழைத்தும் என் தொலைபேசி கிடைக்கவில்லை என்று பிறகு சொன்னீர்கள். அடையாறு கரை மீறிய அந்த இரவில் நான் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டிருந்தேன். மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியாமல், 1878இல் தொடங்கிய 'தி இந்து'வே முதன்முறையாக மறுநாள் சென்னைப் பதிப்பை வெளியிட இயலாமல் போன நேரம் அது. எங்களிடம் இணையதளம் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. செய்தி ஆசிரியர், 2005 வெள்ளத்தின்போது எந்தெந்தப் பகுதிகளில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று பழைய செய்திகளிலிருந்து எடுத்துக் கொடுங்கள், மக்களுக்கு உதவும் என்றார். பணியிலிருந்த இளம் உதவி ஆசிரியர் எங்கள் காப்பகத்தில் 'வெள்ளம்' என்று தட்டினார். ஒரு செய்திகூட வரவில்லை. 2005ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் இந்த நகரத்தில் வெள்ளமே வரவில்லை என்றது எங்கள் காப்பகம்.

ஜெனரேட்டர் வெளிச்சத்தில் அந்தப் பெண்ணின் தோளுக்குப் பின்னால் நின்று சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவரை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, வேண்டுமென்றே தவறாக, 'வ', ஔகாரக் குறி, புள்ளி, 'ளம்' என்று தட்டினேன். அத்தனையும் வந்து கொட்டியது. வேளச்சேரி, முடிச்சூர், கோட்டூர்புரம் என்று ஊர் ஊராக வந்தது. பத்து ஆண்டுகளாக அங்கேதான் இருந்திருக்கின்றன. சரியாக எழுதத் தெரிந்த எவருக்கும் கிடைக்காத இடத்தில். அந்தப் பெண் "உங்களுக்கு எப்படி சார் தெரிந்தது?" என்று வியந்தார். அந்த விதியை எழுதித் தந்தவனே நான்தான் என்று சொல்லவில்லை.

பிறகு அதைத் திருத்தினோம். ஒரு பெரிய சொற்பட்டியலை வைத்துக்கொண்டு, ஔகாரம் உண்மையிலேயே வரும் சொற்களைத் தவிர மற்றவற்றையெல்லாம் மாற்றினோம். தமிழில் ஔகாரச் சொற்கள் குறைவு என்பதால் வேலை எதிர்பார்த்ததைவிட எளிதாக முடிந்தது. நீங்கள் இருந்திருந்தால் அந்தப் பட்டியலை ஒரு மதிய நேரத்தில் மனப்பாடமாகவே சொல்லியிருப்பீர்கள்.

வருமானத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதில் சொல்ல அதிகமில்லை. வாசகர்கள் போய்விட்டதால் விளம்பரம் குறைந்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நான் பார்த்தது வேறு வரிசை. முதலில் போனவை வரி விளம்பரங்கள். மணமகள் தேவை பாரத்மேட்ரிமோனிக்கும், வாடகை வீடும் வேலை வாய்ப்பும் அவற்றுக்கென்று வந்த தளங்களுக்கும் போய்விட்டன. வாசகர்கள் அதன் பிறகும் பல ஆண்டுகள் காலையில் பேப்பரை வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, டீக்கடையில் பேப்பருக்குக் காத்திருந்தவர்கள் கையிலெல்லாம் செய்தி வந்துவிட்டபோது, எங்கள் தளத்துக்கு வருவோர் எண்ணிக்கை ஏறியது; காசு ஏறவில்லை. கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரத் திட்டம் தமிழை ஏற்றுக்கொண்டதே நான் ஓய்வு பெற்ற மறு ஆண்டு, 2018 பிப்ரவரியில்தான்.

இன்றைய இணையத் தலைப்புகளைப் பற்றி நீங்கள் கோபித்திருந்ததை மட்டும் நான் முழுதாக ஏற்க மாட்டேன். பெட்டிக்கடை வாசலில் தொங்கிய நம் போஸ்டரில் 'பிரபல நடிகர் திடீர் முடிவு' என்று எழுதி, என்ன முடிவு என்பதை ஐந்தாம் பக்கத்தில் ஒளித்து வைத்தது யார்? நாம்தானே.

இனி உங்கள் கட்டுரை. இணையத்தில் நாங்கள் போட்ட முதல் மூன்றரை ஆண்டுச் செய்திகள் அதைவிடவும் பழைய வேறோர் எழுத்துருவில் இருந்தன. 2006 மாற்றத்தின்போது அவற்றுக்குத் தனி நிரல் எழுத வேண்டும், இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். "அதையெல்லாம் இனி யார் படிக்கப் போகிறார்கள்?" என்று கேட்டவர் மேலாளர், கோப்பில் 'தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டவன் நான். அந்தக் கோப்புகள் இருந்த கணினி பிறகு பழைய சாமான்களோடு எடைக்குப் போயிற்று. அச்சிட்ட பேப்பர்களின் பைண்ட் வால்யூம்களில் அந்த ஆண்டுக்கானவை, அலுவலகம் இடம் மாறியபோது நனைந்து ஒட்டிக்கொண்டுவிட்டன. உங்கள் பேத்தியின் தேடலில் குறையில்லை என்று அவளிடம் சொல்லுங்கள்.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை எழும்பூர் பாந்தியன் சாலைக்குப் போனேன். வெளியாகும் நூல்களில் ஒரு படியைக் கன்னிமாரா நூலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 1954இல் சட்டம் வந்ததும், 1956இல் அது பத்திரிகைகளுக்கும் விரிந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். நம் அலுவலகத்தில் அந்தக் கட்டை மாதாமாதம் கட்டி அனுப்பியவர் முனகிக்கொண்டேதான் அனுப்புவார். அவர் முனகியது வீண் போகவில்லை. இரண்டு நாள் அலைந்த பிறகு, ஓரங்கள் பழுப்பேறி, தொட்டால் உதிரும் நிலையில் அந்த ஞாயிறு இணைப்பு கிடைத்தது. விளக்கின் உச்சியில் அன்னம் நிற்கும் படம்கூட மங்காமல் இருக்கிறது. நகல் எடுத்துக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து அதைக் கைப்பேசியில் படமெடுத்து, படத்திலுள்ள எழுத்துகளைப் படித்துத் தட்டச்சாக்கும் எழுத்துணரி மென்பொருளில் கொடுத்துப் பார்த்தேன். ஒரு நிமிடத்தில் முழுக் கட்டுரையையும் தட்டச்சு செய்து தந்துவிட்டது, வியப்புதான். படித்துப் பார்த்தபோது, 'காவிரி வண்டல் மண்ணில் அச்சுப் பிடித்து, பித்தளையை உருக்கி ஊற்றுகிறார்கள்' என்று நீங்கள் எழுதியிருந்த இடத்தில், 'பித்தனையை உருக்கி ஊற்றுகிறார்கள்' என்று இருந்தது. தனியாக உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தேன்.

நகலையும், எழுத்துணரி தந்ததை அகலமான ஓரம் விட்டு அச்சிட்ட தாள்களையும் இத்துடன் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். நான் ஒரு முறை பார்த்துப் பென்சிலால் குறித்திருக்கிறேன். என் கண்ணை நம்ப வேண்டாம். நீங்கள் பார்த்துத் திருப்பி அனுப்பினால், பேத்திக்குக் கிடைக்கும்படி இணையத்தில் ஏற்றுவது என் பொறுப்பு. மூன்றாம் பத்தியில் 'பட்டறைக்குச் சென்ற' என்பதை அடுத்து ஓர் ஒற்று மிகையாகத் தெரிகிறது. நகலில் அந்த இடத்தில் ஒரு மடிப்பு விழுந்திருப்பதால், அது இயந்திரம் செய்ததா, 1999இல் நாமே விட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. மறக்காமல் சிவப்பு மையிலேயே திருத்துங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய பக்கத்து மேஜைக்காரன்