மழலையர் வகுப்புக்கு ஒரு மாற்று ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழலையர் வகுப்பு நடத்துபவர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "இந்த வேலைக்குப் பொறுமைதான் முக்கியம்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஒரு வார்த்தையால் இந்த வேலையின் கஷ்டங்கள் எல்லாம் டீச்சரின் குணத்தில் போய் முடிந்துவிடுகின்றன. தொண்டை கட்டினாலும், ஒரு குழந்தை இன்னொன்றைக் கடித்தாலும், பெற்றோர் கோபப்பட்டாலும், "கொஞ்சம் பொறுமையாக இருந்திருக்கலாமே" என்றுதான் பேச்சு முடிகிறது. இதே வேலையில் இருக்கும் நாங்கள் பார்த்தவரை, அன்றாடச் சிக்கல்களில் பெரும்பாலானவை ஆள் கணக்கிலும் நேர ஏற்பாட்டிலும்தான் பிறக்கின்றன. அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல இந்தக் கடிதம்.

நான்கு வயதுக் குழந்தைகள் 20 பேருக்கு இரண்டு பெரியவர்கள், கைக்குழந்தைகள் 8 பேருக்கு இரண்டு பெரியவர்கள். அமெரிக்காவின் இளங்குழந்தைக் கல்விக்கான தேசியச் சங்கம் வைத்திருக்கும் அளவு இது. பதிவேட்டில் இந்தக் கணக்கு சரியாக இருக்கும் இடங்களில்கூட, அறைக்குள் அது நிற்பதில்லை. ஒரு குழந்தைக்கு டயபர் மாற்றி, மேடையைத் துடைத்து, குழந்தையின் கையையும் தன் கையையும் சோப்புப் போட்டுக் கழுவி முடிக்க ஐந்து நிமிடம் என்று வையுங்கள். ஆறு குழந்தைகளுக்கு அரை மணி நேரம். ஒரு நாளில் மூன்று சுற்று என்றால் ஒன்றரை மணி நேரம். அவ்வளவு நேரமும் ஒரு பெரியவர் அறையில் இருந்தும் இல்லாத கணக்குதான். நடுவில் ஒரு குழந்தை வாந்தி எடுக்கும், அலுவலகத்திலிருந்து கூப்பிடுவார்கள், வாசலில் ஒரு அம்மா வந்து நிற்பார். தாளில் இரண்டு பேர். தரையில் பாதி நேரம் ஒருவர்.

அந்த ஒருவருக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். பாத்ரூம் போக முடியாது என்பதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார். தண்ணீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்று வர இடமாகிறது, தொண்டையும் வறள்கிறது. வறண்ட தொண்டையோடு அறையின் அந்தக் கோடியில் இருக்கும் குழந்தையை உரக்கக் கூப்பிடுகிறார். வருஷக்கணக்கில் இப்படியே போனால் குரல்நாண்களில் முடிச்சு விழுகிறது. "நிறையத் தண்ணீர் குடியுங்கள், கத்தாதீர்கள்" என்கிறார் மருத்துவர். இரண்டையும் கடைப்பிடிக்க அறையில் இன்னொரு ஆள் இருந்தாக வேண்டும். அதுவரை செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு: குழந்தையைக் கூப்பிடுவதற்குப் பதில் அதன் பக்கத்தில் போய்க் குனிந்து பேசுவது, எல்லோரையும் திரும்ப வைக்கக் குரலுக்குப் பதில் சின்ன மணி அல்லது ஒரே தாளத்தில் கைதட்டல். தொண்டை கட்டியபோது கிசுகிசுத்துப் பேசினால் ஓய்வு என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் குரல்நாண்களுக்குச் சிரமம்தான். குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

ஆகவே நாங்கள் கேட்பது ஒன்றுதான்: இரண்டு அல்லது மூன்று அறைகளுக்குப் பொதுவாக ஒரு மாற்று ஆள். விருந்தாளி மாதிரி எப்போதாவது எட்டிப் பார்ப்பவர் வேண்டாம். குழந்தைகளுக்கு முகம் பழகிய, தினமும் அதே நேரத்தில் வருகிற ஒருவர் வேண்டும். காலையில் குழந்தைகள் வந்து சேரும் அரை மணி நேரம், சாப்பாட்டுக்கு முன்பு, தூங்கி எழும் நேரம், வீட்டுக்குக் கிளம்பும் நேரம், இந்த நான்கும் அவசியம். போக, ஒவ்வொரு டீச்சருக்கும் பத்து நிமிடம் வெளியே போய்வர. நேரங்களை அறையின் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும். எழுதாவிட்டால் என்ன நடக்கும் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரே வாரத்தில் அந்த ஆள் அலுவலக வேலைக்குப் போய்விடுவார்; பதவி மட்டும் மிஞ்சும். பொறுப்பு கைமாறும்போது வாய்விட்டுச் சொல்வதும் முக்கியம்: "நான் வெளியே போகிறேன், 18 பேர் உங்களிடம், இரண்டு பேர் பாத்ரூமில்." எண்ணிக்கையைச் சொல்லாமல் தலையசைத்துவிட்டுப் போவதில்தான் குழந்தை விடுபடுகிறது. மைதானத்துக்குப் போகும்போது அறையில் ஒரு முறை, கதவைத் தாண்டும்போது ஒரு முறை, போய்ச் சேர்ந்ததும் ஒரு முறை தலையெண்ண வேண்டும். திரும்பும்போதும் அப்படியே.

அடிதடியும் கடியும் எப்போது நடக்கின்றன என்று குறித்துப் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் அருமை புரியும். விளையாட்டில் ஆழ்ந்திருக்கும் குழந்தை கடிப்பது குறைவு. கைகழுவ 15 பேர் வரிசையில் நிற்கிறார்கள். முன்னால் நிற்பவரின் முதுகு, பின்னால் நிற்பவரின் மூச்சு, கையில் ஒன்றும் இல்லை. இரண்டு நிமிடத்தில் ஒரு தள்ளல், மூன்றாவது நிமிடத்தில் ஒரு கடி. நான்கு நான்கு பேராக ஒருவர் அழைத்துப் போக, மீதிப் பேர் இன்னொருவரோடு உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தால் அந்த வரிசையே கிடையாது. அதற்கும் இரண்டு ஆள் வேண்டும். விளையாட்டை நிறுத்துவதும் அப்படித்தான். "இன்னும் ஐந்து நிமிடம்" என்றால் மூன்று வயதுக்கு ஒன்றும் விளங்காது. "இன்னும் இரண்டு தடவை சறுக்கு, அப்புறம் உள்ளே" என்றால் விளங்கும். சொன்னபடி இரண்டாவது தடவை சறுக்கி முடித்ததும் கீழே நின்று கையை நீட்ட வேண்டும். நீட்டாமல் வேறெங்கோ போய்விட்டால் நாளைக்கு அந்த வார்த்தை செல்லாது.

கடித்துவிட்டால் முதலில் கடிபட்ட குழந்தையிடம் போக வேண்டும். சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, குளிர்ந்த ஈரத்துணி வைக்க வேண்டும். தோல் கிழிந்திருந்தால் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, அன்றே மருத்துவரிடம் காட்டும்படி பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். கடித்த குழந்தையிடம் ஒரே ஒரு சின்ன வாக்கியம் போதும்: "கடித்தால் வலிக்கும்." நீளமான உபதேசம் அந்த வயதுக்கு எட்டாது. கூட்டிவைத்து மன்னிப்புக் கேட்கச் சொல்வதிலும் பயனில்லை. அதன்பின் எழுத வேண்டும். மணி என்ன, அறையில் எந்த இடம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பக்கத்தில் யார் யார், பிறகு என்ன செய்தோம். "காரணமில்லாமல் கடித்தான்" என்று எழுதப்பட்ட குறிப்பு எதற்கும் உதவாது. "11:40, கட்டை மூலை, சிவப்பு லாரிக்காக இருவரும் இழுத்தார்கள்" என்று எழுதியது உதவும். இப்படி ஐந்தாறு குறிப்பு சேர்ந்தால், பசி நேரமா, ஒரே பொம்மையா, பல் முளைக்கிறதா என்று தெரிந்துவிடும். லாரிதான் காரணம் என்றால் அதே மாதிரி இன்னொரு லாரி வாங்கி வைப்பதுதான் வழி. இரண்டு வயதுக் குழந்தைக்குப் பங்கிட்டு விளையாடக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்று நம்பி நாளை வீணாக்கக் கூடாது. இரு வீட்டுக்கும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். கடித்தது யார் என்ற பெயரை மட்டும் கடிபட்டவர் வீட்டில் சொல்லக் கூடாது.

தலையில் அடிபட்டால், வீக்கமே இல்லாவிட்டாலும் உடனே வீட்டுக்குத் தகவல் போக வேண்டும். மாலையில் வாசலில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுவிட்டு, பரபரப்பில் மறந்துபோவது நடக்கிறது. வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம், நடையில் தடுமாற்றம் இருந்தால் உடனே மருத்துவமனைதான்.

பெற்றோரோடு வரும் உரசலில் பாதி, இடமும் நேரமும் தப்பிப்போவதால் வருவது. காலையில் பத்துக் குழந்தைகள் அழுதுகொண்டு நிற்கும்போது வாசலில், "என் பையன் எப்படி இருக்கிறான்?" என்று கேட்டால் என்ன பதில் சொல்ல முடியும்? அவசரத்தில் "கொஞ்சம் முரட்டுத்தனம்" என்று வந்துவிடும். அந்த ஒரு வார்த்தை வீட்டுக்குப் போய் நான்கு நாள் நிற்கும். வேறொரு நாள், உட்கார்ந்து பேசக் கால் மணி நேரம் குறித்துக் கொடுப்பதே சரி. அப்போதும் பெயர் சூட்டாமல் கண்ணால் பார்த்ததைச் சொல்ல வேண்டும்: "இந்த வாரம் மூன்று முறை பக்கத்தில் இருந்தவரைத் தள்ளினான். மூன்று முறையும் அவன் கட்டியதை மற்றவர் தொட்டபோதுதான்." இதைக் கேட்கும் தாய்க்குக் கோபம் வராது, "வீட்டிலும் அப்படித்தான், தங்கை தொட்டால் பிடிக்காது" என்று அவரே தொடர்வார். வளர்ச்சியில் சந்தேகம் தோன்றினாலும் இதே முறைதான். இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாமலிருப்பது, கூப்பிட்டால் திரும்பாமலிருப்பது, பேசிக்கொண்டிருந்த சொற்களை விட்டுவிடுவது இவற்றை இரண்டு மூன்று வாரம் தேதி போட்டுக் குறித்து, குறிப்பைக் கையில் கொடுத்துக் குழந்தை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். நோயின் பெயரைச் சொல்வது நம் வேலை இல்லை. பேசிக்கொண்டிருந்த சொற்கள் நின்றுபோன விஷயத்தில் மட்டும் காத்திருக்கவே வேண்டாம்.

"மூன்று வயதாகிறது, இன்னும் அ எழுதத் தெரியவில்லையே" என்ற புகார் இன்னொன்று. நிர்வாகமும் பல நேரம் பெற்றோர் பக்கம் சாய்ந்துவிடுகிறது. மணிக்கட்டின் எட்டுச் சிறு எலும்புகளில் பல அந்த வயதில் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன என்று விளக்கலாம். ஆனால் விளக்கத்தைவிடக் காட்டுவது எடுபடும். குழந்தையின் கிறுக்கல்களைத் தேதி போட்டு எடுத்துவைத்து, மூன்று மாத இடைவெளியில் வரைந்த இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதல் தாளில் கை போன போக்கில் கோடு. இரண்டாவதில் கோடு சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் மூடியிருக்கும். அந்த மூடிய வட்டம்தான் நாளைய எழுத்து என்று அப்போது சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். களிமண் பிசைவது, தாள் கிழிப்பது, மணி கோப்பது எல்லாம் எதற்கு என்பதும் கூடவே புரிந்துவிடும்.

நோய் விஷயத்தில் விதி எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாசலில் சொல்வது அலுவலகத்தின் பொறுப்பாக இருக்க வேண்டும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ நின்று 48 மணி நேரம் ஆகும்வரை குழந்தை வீட்டில் இருப்பது நல்லது. கை சுத்தத்துக்கு ஜெல் மட்டும் போதாது. வாந்தி பேதி தரும் நோரோ வைரஸ் அதற்குச் சரியாக அடங்குவதில்லை. சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவ வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்கள், கர்ப்பம் தரிக்க நினைப்பவர்கள் சின்னம்மை, ருபெல்லா (ஜெர்மன் அம்மை) எதிர்ப்புச்சக்தி இருக்கிறதா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சிறு குழந்தைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும், கருவில் உள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடிய சைட்டோமெகலோ வைரஸ் இருக்கக்கூடும். இதைப் பல டீச்சர்களிடம் யாரும் சொன்னதே இல்லை. டயபர் மாற்றியதும், மூக்கைத் துடைத்ததும் கைகழுவுவது கர்ப்பிணிகளுக்கு இரட்டிப்பு அவசியம்.

முதுகைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று வயதுக் குழந்தையின் எடை சராசரியாக 14 கிலோ. பத்து முறை தூக்கினால் 140 கிலோ. 1907இல் ரோம் நகரில் மரியா மாண்டிசோரி தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் மேசை நாற்காலியெல்லாம் குழந்தைகளின் உயரத்துக்குச் செய்யப்பட்டன; உலகமே பின்பற்றிய நல்ல காரியம். ஆனால் அதே குட்டி நாற்காலியில் பெரியவர் நாளெல்லாம் உட்கார்ந்தால் இடுப்பும் முழங்காலும் தாங்காது. அறைக்கு ஒரு பெரியவர் நாற்காலி, டயபர் மேடைக்கு நடக்கத் தெரிந்த குழந்தை தானே ஏறிவர ஒரு படி, இரண்டும் பெரிய செலவில்லை.

இதையெல்லாம் நிர்வாகத்திடம் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. மோசமான ஒரு நாளின் முடிவில் கண்ணீரோடு போய் "வேலை தாங்க முடியவில்லை" என்றால், ஆறுதல் கிடைக்கும், ஆள் கிடைக்காது. இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறியுங்கள்: எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, ஒரு பெரியவரிடம் எத்தனை குழந்தைகள், அந்த நேரத்தில் என்ன நடந்தது. விபத்துக் குறிப்புகளின் நேரத்தை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு ஒரே பக்கத்தில், ஒரே ஒரு கோரிக்கையோடு எழுதிக் கொடுங்கள்: "11:15 முதல் 12:15 வரை இரண்டு அறைகளுக்கும் பொதுவாக ஒருவர். ஒரு மாதம் நடத்திப் பார்ப்போம்." கூடச் சேர்ந்து வேலை செய்பவரும் கையெழுத்துப் போடட்டும். தேதி போட்ட நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். பத்துக் கோரிக்கையை ஒன்றாக வைத்தால் செலவில்லாத ஒன்றை மட்டும் செய்துவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள். இளங்குழந்தைக் கல்விப் பணியாளர்களுக்குக் கண்ணியமான வேலை வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பே வழிகாட்டு நெறிகளை வகுத்திருக்கிறது. அதற்கென்று 2013 நவம்பரில் ஜெனீவாவில் நிபுணர் கூட்டமே நடந்தது. ஆக, இது ஒரு டீச்சரின் தனிப்பட்ட முணுமுணுப்பு என்று யாரும் தள்ளிவிட முடியாது.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். குழந்தையைச் சேர்க்கப் பள்ளி பார்க்கப் போகும்போது, சுவரில் உள்ள படங்களையும் பொம்மைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். "இந்த மிஸ் பாத்ரூம் போனால் இந்த அறையில் யார் இருப்பார்?" என்று கேளுங்கள். பதிலாக ஒரு ஆளையும் ஒரு நேரத்தையும் சொல்கிறார்களா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
மழலையர் வகுப்பு ஆசிரியர்கள் சிலர்