பாவா பட்டியல்: எந்தப் பிரதியைப் பார்த்தாய்?

அன்பு மாப்ளே,

உன் கடிதமும், இத்தாலியத் திகில் பட இயக்குநர் மாரியோ பாவாவின் படங்களை நீ வரிசைப்படுத்திய பட்டியலும் வந்து சேர்ந்தன. 'பிளாக் சண்டே' முதலிடம், 'பே ஆஃப் பிளட்' இரண்டாமிடம், 'பிளாக் சபாத்' ஏழாமிடம், 'லிசா அண்ட் த டெவில்' கடைசி. முதல் இரண்டுக்காக உன்னோடு சண்டை போடுவேன். பின் இரண்டுக்குச் சண்டையே தேவையில்லை. நீ பார்த்தது பாவா எடுத்த படமே இல்லை.

எப்படித் தெரியும் என்கிறாயா? 'பிளாக் சபாத்' மூன்று தனிக்கதைகள் சேர்ந்த படம். "டெலிபோன் கதையில் பேய் ஒட்டவே இல்லை" என்று நீயே எழுதியிருக்கிறாய். 1963-இல் வந்த இத்தாலியப் பிரதியில் அந்தக் கதையில் பேயே கிடையாது. அது சிறையிலிருந்து வந்தவனின் மிரட்டலும், இரண்டு பெண்களுக்கு இடையே இருந்த பழைய உறவும்தான். அமெரிக்காவில் வெளியிட்ட ஏஐபி நிறுவனம் உறவை மறைத்தது, மிரட்டுகிறவனைப் பேயாக்கியது. ரொபெர்த்தோ நிக்கோலோசியின் இசையைக் கழற்றிவிட்டு லெஸ் பாக்ஸ்டரைப் போட்டது. கதைகளின் வரிசையையும் கலைத்தது. பாவா வைத்தது டெலிபோன், வுர்துலாக், தண்ணீர்ச் சொட்டு. ஏஐபி சொட்டை முதலுக்குக் கொண்டுவந்து வுர்துலாக்கைக் கடைசிக்குத் தள்ளியது. உச்சத்தை முதல் அரை மணி நேரத்திலேயே செலவழித்துவிட்டால் மீதிப்படம் ஏழாமிடத்துக்குத்தான் போகும். அதில் நடித்த போரிஸ் கார்லாஃபின் சொந்தக் குரல் வேண்டும் என்றால் மட்டும் அமெரிக்கப் பிரதியைத் தொடு. இத்தாலியப் பிரதியில் அவருக்கு வேறொருவர் குரல்.

'லிசா' கதை இதைவிடப் பாவம். 1973-இல் கான் விழாவில் திரையிட்டும் வாங்க ஆளில்லை. பேயோட்டும் படமான 'தி எக்ஸார்சிஸ்ட்' வசூலை அள்ளியதும், தயாரிப்பாளர் ஆல்ஃபிரெடோ லியோன் புதிதாகப் பேயோட்டும் காட்சிகளை எடுத்து நடுநடுவே செருகி, 1975-இல் 'ஹவுஸ் ஆஃப் எக்ஸார்சிசம்' என்று விட்டார். நாயகி எல்கா சோமர் தவளை கக்கினால், பாதிரியார் வந்து நின்றால், உடனே நிறுத்திவிடு. அது வேறு படம். டெல்லி சவாலாஸ் லாலிபாப் சப்பிக்கொண்டு பொம்மைகளைத் தூக்கித் திரிகிற, யாரும் எதையும் விளக்காத கனவு மாதிரியான படம்தான் அசல். என் கணக்கில் அதற்கு ஐந்தாமிடம்.

இனி சண்டைக்கு வருகிறேன். எனக்கு முதலிடம் 1966-இல் வந்த 'கில், பேபி, கில்'. படப்பிடிப்பு நடக்கும்போதே பணம் தீர்ந்துபோன படம். பந்து உருட்டி வரும் அந்தப் பேய்ச் சிறுமி மெலிசாவாக நடித்தது வலேரியோ வலேரி என்ற பையன். முகத்தில் என்னவோ சரியில்லை என்று தோன்றிக்கொண்டே இருக்கிறதே, பாதிக் காரணம் அதுதான். கதாநாயகனான டாக்டர் எவனோ ஒருவனைத் துரத்தும் காட்சியை மறுபடி போட்டுப் பார். ஒரு கதவால் நுழைகிறார், எதிர்க்கதவால் வெளியேறுகிறார், திரும்ப அதே அறைக்குள் நுழைகிறார். முன்னால் ஓடுகிறவனுக்கும் இவருக்கும் உள்ள தூரம் ஒவ்வொரு சுற்றிலும் குறைகிறது. கடைசியில் எட்டிப் பிடித்துத் திருப்பினால் அவருடைய முகமேதான். ஒரே அறை, ஒரே நடிகர், பிறகு எடிட்டிங் கத்தரிக்கோல், அவ்வளவுதான் மூலதனம். ஓட்டத்தின் வேகத்தைச் சுற்றுக்குச் சுற்று கூட்டி வெட்டவில்லை என்றால் இந்த இடம் சிரிப்பாகிவிடும்.

'பிளாக் சண்டே' இரண்டாவது. 1960-இல் வந்த இந்தப் படத்தில்தான் முதன்முதலாக இயக்குநர் என்று அவர் பெயர் தனியாக வந்தது. ஆனால் உள்ளே முழுக்க ஒளிப்பதிவாளர்தான். புகைக்குள் ஸ்லோ மோஷனில் சத்தமில்லாமல் வரும் கோச்சு வண்டி ஒன்றே போதும்.

அதற்கு மூன்று வருடம் முன்னால், ரிக்கார்டோ ஃப்ரெடா பாதியில் விட்டுப்போன 'இ வாம்பிரி'யை முடித்துக் கொடுத்தவர் அவர். அதில் ஒரு பெண், ஷாட்டில் வெட்டே இல்லாமல், கண்ணெதிரே கிழவியாகிறாள். எப்படிச் செய்தார்கள் என்று கேட்டிருந்தாயே. சுருக்கங்களைச் சிவப்பு மையில் வரைய வேண்டும். சிவப்பு ஃபில்டர் இருக்கும்வரை தோலும் கோடும் ஒரே அளவு வெளிச்சமாகப் பதியும், கறுப்பு வெள்ளையில் கோடு தெரியாது. ஃபில்டரை மெல்லப் பச்சைக்கு மாற்றினால் சிவப்புக் கோடு கறுத்துக்கொண்டே வரும். சொதப்பும் இடங்கள் உண்டு. உதடும் சிவப்புதானே, அதுவும் சேர்ந்து கறுக்கும். ஃபில்டர் மாறும்போது மொத்த வெளிச்சமும் ஏறி இறங்கும், அதைச் சமன் செய்யாவிட்டால் ஏதோ மாற்றினார்கள் என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். கலர் ஃபிலிமிலோ குட்டு மொத்தமாக உடைந்துவிடும். 1931-இலேயே ஹாலிவுட்டில் 'டாக்டர் ஜெக்கில் அண்ட் மிஸ்டர் ஹைட்' படத்தில் இதே வித்தை வந்தாயிற்று. பாவா கண்டுபிடித்ததல்ல, கைவந்தது.

மூன்றாவது 'பிளாக் சபாத்'. சொட்டுக் கதையில் செத்தவளின் அந்த முகத்தைச் செய்தவர் அவருடைய அப்பா எயுஜேனியோ. சிற்பி, ஊமைப்பட கால ஒளிப்பதிவாளர். பச்சையும் ஊதாவும் மாறிமாறி அடிக்கும் விளக்குகள்தான் அந்த வீட்டின் உயிர். மட்டமான பிரதியில் தோல் இயற்கையாகத் தெரிய வேண்டும் என்று நிறத்தைத் 'திருத்தி' வைத்திருப்பார்கள். அப்படியொரு பிரதி கிடைத்தால் பார்க்காமலே இருந்துவிடு.

நான்காவது 1964-இன் 'பிளட் அண்ட் பிளாக் லேஸ்'. கேமராவை ஒரு குழந்தையின் பொம்மை வண்டியில் வைத்து இழுத்தார்கள் என்று தெரிந்தபிறகு, அந்த ஃபேஷன் கடைக்குள் கேமரா வழுக்கிப் போவதைப் பார்க்கையில் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

'பே ஆஃப் பிளட்' ஆறாவது. பதிமூன்று கொலைகள், ஒரே ஈட்டியில் இருவரைக் குத்தும் காட்சியை 1981-இல் 'ஃப்ரைடே த தர்ட்டீன்த்' இரண்டாம் பாகம் அப்படியே எடுத்துக்கொண்டது, எல்லாம் சரி. பின்னால் வந்தவர்கள் காப்பியடித்ததற்காக மதிப்பெண் கூட்டிப் போடுவது நியாயமா? 1970-இன் 'ஃபைவ் டால்ஸ்' கடைசி. அதை எடுத்தவருக்கே பிடிக்கவில்லை.

'ஷாக்' எங்கே என்று கேட்பாய். 1977, படம் சுமார்தான். ஆனால் ஒரு ஷாட்டுக்காக ஏழாவது. பையன் வீட்டின் நடைவழியில் அம்மாவை நோக்கி ஓடிவருகிறான், கிட்டே வந்ததும் ஃபிரேமுக்குக் கீழே குனிகிறான், அதே இடத்தில் செத்துப்போன கணவன் எழுகிறான். வெட்டு கிடையாது, செலவும் கிடையாது.

'பிளாக் சபாத்' இத்தாலியப் பிரதியைத் தேடிப் பார்த்துவிட்டுப் பட்டியலைத் திருப்பி எழுது. அதன் முடிவில் கார்லாஃப் குதிரையில் பாய்ந்து போவார், கேமரா பின்வாங்கினால் குதிரை பொம்மை என்று தெரியும். மரக்கிளைகளைப் பிடித்துக்கொண்டு அவரைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறார்களே, அவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி எழுது. சரியான பிரதியைப் பார்த்தாய் என்று அப்போதுதான் நம்புவேன்.

அன்புடன்,
உன் பழைய சண்டைக்காரன்